வட்டின் அடியில் இருந்த எண்

பெயர் பைவி சாரெல்மா, வயது 43, குவோபியோ நகரம், துறைமுகத் தெரு 14-இல் குடியிருப்பு, கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 6173. இன்று அக்டோபர் 10-ஆம் தேதி காலை நகரக் காவல் நிலையத்தில் யாரும் அழைக்காமல் நானாகவே ஆஜராகி, ஆய்வாளர் ஐலா ரிஸ்தோ முன்னிலையில் சொல்வதாவது:

நான் டிஸ்க் கோல்ஃப் என்ற, தட்டையான வட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டத்துக்கான வட்டுகள் தயாரிக்கும் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக விளம்பரப் பிரிவு மேலாளராக வேலை பார்த்து வருகிறேன். எங்கள் பச்சைச் சட்டையைப் போட்டு விளையாடும் ஸ்பான்சர் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் என் பொறுப்பு. இம்மாதம் 3-ஆம் தேதி இதே நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில், எங்கள் கடையிலிருந்து முன்னாள் ஆட்டக்காரர் ஏரோ கல்லியோலா எடுத்துச் சென்ற நீல வட்டு இப்போதைய ஆட்டக்காரர் ராஸ்முஸ் பெல்டாரி விளம்பரப் படத்தில் எறிந்தது என்றும், நிறுவனத்தின் சொத்து என்றும், அதன் அடியில் யார் பெயரும் இல்லை என்றும் சொல்லியிருந்தேன். அதைத் திருத்தவே வந்திருக்கிறேன்.

மேற்படி ஏரோ ஏழு ஆண்டுகளுக்கு முன் எங்கள் அணியில் சேர்ந்தார். இரண்டு முறை தேசியப் பட்டம் வென்றவர். பேச்சு என்றால் அவருக்கு வேப்பங்காய். இந்த ஆட்டத்தில் எல்லோரும் வட்டின் அடியில் பேனாவால் தங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைப்பார்கள். புதரிலோ தண்ணீரிலோ தொலைந்தால் கண்டெடுத்தவர் அந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், வட்டு அந்தப் பெயருக்கு உரியது, அதில் மறுபேச்சு கிடையாது. ஏரோ சேர்ந்த அன்றே தன் பெயருக்குக் கீழே என் எண்ணை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஏன் என்றதற்கு, "யாராவது கூப்பிட்டா நான் என்னத்தப் பேசறது? பேசறதுக்குச் சம்பளம் வாங்கறது நீதானே" என்றார். நான் சிரித்துவிட்டுச் சரி என்றேன்.

அதன் பிறகு மாதத்துக்கு இரண்டு மூன்று அழைப்புகள் எனக்கு வந்துகொண்டிருந்தன. வட்டு கிடைத்தது என்று சொல்லிவிட்டு வைக்க மாட்டார்கள். ஈசல்மி என்ற ஊரிலிருந்து ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், தன் வட்டைத் தேடித்தர யாரோ ஒருவன் முழங்கால் அளவுச் சாக்கடையில் இறங்கி முக்கால் மணி நேரம் நின்றான், பெயர்கூடச் சொல்லவில்லை, அவன் மறந்துவிட்டுப்போன வட்டைப் பார்த்துத்தான் ஆள் யாரென்று தெரிந்தது என்றார். இப்படிப் பலர் சொன்னார்கள். நான் நன்றி சொல்லி, தபாலில் அனுப்பச் சொல்லி, வைத்துவிடுவேன். ஒன்றைக்கூட எழுதி வைக்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ராஸ்முஸ் பெல்டாரி அணிக்கு வந்தார். போட்டிகளில் நாற்பதாவது இடத்துக்கு முன்னால் அவரைப் பார்க்க முடியாது. ஆனால் வட்டு மரத்தில் மோதினால் அந்த மரத்திடம் மன்னிப்புக் கேட்பார், அந்தக் காணொளியை இணையத்தில் ஒரு லட்சம் பேர் பார்ப்பார்கள். நல்ல மனிதர்தான், இதில் அவர்மேல் குற்றம் ஏதும் இல்லை.

கடந்த ஆண்டு மே மாதம் ஏரிக்கரை மைதானத்தின் ஏழாவது கூடையில் ராஸ்முஸை வைத்து விளம்பரப் படம் எடுத்தோம். அங்கே தண்ணீருக்கு மேலாக எறிந்து அக்கரையில் இருக்கும் கூடையில் விழவைக்க வேண்டும். ராஸ்முஸ் ஐம்பதுக்கு மேல் எறிந்தார், பாதி ஏரிக்குள் போனது. "மீனுங்க எல்லாம் இனிமே நம்ம வாடிக்கையாளர்தான்" என்றார். அதன் பிறகு ஒளிப்பதிவாளர் வெளிச்சம் சரிபார்க்க, சும்மா நின்றுகொண்டிருந்த ஏரோவை ஒன்று எறியச் சொன்னார். ஏரோ தன் பையிலிருந்து நீல வட்டை எடுத்து எறிந்தார். சங்கிலி ஒலித்தது. ஒரே எறியில் கூடை. படத்தில் முதுகுதான் தெரிந்தது, இருவருக்கும் ஒரே பச்சைச் சட்டை.

அந்த முதுகுக் காட்சிக்கு அடுத்ததாக ராஸ்முஸ் துள்ளிக் குதிப்பதை ஒட்டி, எறிந்தவர் அவரே என்று காட்டிவிடலாம் என்ற யோசனை என்னுடையது, வேறு யாருடையதும் அல்ல. மீதிக் காட்சிகளுக்காக அந்த நீல வட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஏரோவிடம் சம்மதம் கேட்டேன். அவர், "வட்டு என்னோடது. திருப்பிக் குடுத்துடு" என்று மட்டும் சொன்னார். ஒரு வாரத்தில் தருகிறேன் என்றேன். படத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஏரோவைத் தெரிந்த நான் அப்படி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, ஏனென்றால் காபி வேண்டாம் என்றாலும் அவர் வாய் திறந்து சொல்லாமல் அப்படித்தான் இருப்பார்.

அந்தப் படம் எங்கள் நிறுவனம் அதுவரை காணாத அளவுக்குப் பரவியது. வட்டைக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ராஸ்முஸ் பெயரோடு வைப்பது என்று முடிவானது. அதன் பிறகு நான் என் மேசையில் உட்கார்ந்து, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, அடியில் இருந்த பெயரையும் எண்ணையும் துடைத்தேன். உள்ளே வந்த ராஸ்முஸ் அதைப் பார்த்துவிட்டார். எப்போதும் வேடிக்கை பேசுகிறவர், அன்று சிரிக்காமல், "அடில இருக்கற பேர அழிக்கறவங்கள நான் பாத்ததே இல்ல பைவி" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் என்று இப்போது தெரிகிறது.

அவ்வாண்டு நவம்பரில் ஏரோவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நான் அறிக்கை கொடுத்தேன். அதில், "ஆட்டம் உண்டு, ஆள் இல்லை" என்று எழுதினேன். நன்றாக எழுதிவிட்டதாக அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஏரோவை அழைத்து, காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்துச் செய்தியைச் சொன்னேன். பாதி ரொட்டியைத் தின்றுவிட்டு, "வட்டு?" என்று கேட்டார். அது இப்போது நிறுவனத்தின் சொத்து என்றேன். மீதி ரொட்டியை வைத்துவிட்டுப் போனார்.

இவ்வாண்டு செப்டம்பர் 28 மதியம் ஏரோ கடைக்கு வந்து, விற்பனையாளரிடம் வட்டைக் கேட்டு, அவர் மறுத்த பிறகு பெட்டியைத் தூக்கியதில் கண்ணாடி உடைந்தது. அதன் பிறகு ஏரோ மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து உடைந்த சில்லுகளை எல்லாம் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, வட்டோடு வெளியே போயிருக்கிறார். நிறுவனம் திருட்டுப் புகார் கொடுத்தது. விசாரணையில் அவர் "என்னோடது" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை என்று ஆய்வாளர் தெரிவித்தார். ஜனவரி முதல் விளையாட்டுப் பள்ளியில் அவருக்குப் பயிற்சியாளர் வேலை உறுதியாகியிருந்தது. திருட்டு வழக்கு நின்றால் அந்த வேலை கிடைக்காது. இது தெரிந்துதான் 3-ஆம் தேதி நான் பொய் சொன்னேன். படத்தின் உண்மை வெளியே வந்தால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

நேற்று முற்பகல் பதினோரு மணிக்கு எனக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் முன்பின் தெரியாத பெண். ஏரியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, நாணலுக்குள் ஒரு மஞ்சள் வட்டு கிடந்தது என்றார்.

"ஏரோன்னு போட்டிருக்கு, கீழ உங்க நம்பர் இருக்கு. நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. பேசுவதற்கே சம்பளம் வாங்குகிறவள் நான். அந்தப் பெண் இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டு, பாவம், எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். நீக்கி ஓராண்டு ஆகப்போகிறது, இன்றைக்கும் ஏரோ தொலைக்கிற வட்டெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறது. இத்தனை ஆண்டுகள் ஊர் ஊராக ஜனங்கள் கூப்பிட்டு அவர் எப்படிப்பட்ட ஆள் என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், நான்தான் ஆள் இல்லை என்று எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு ராஸ்முஸைக் கூப்பிட்டு, இங்கே வரப்போவதாகச் சொன்னேன். அவர் தானும் வந்து சாட்சி சொல்வதாகச் சொன்னார்.

ஆதாரம் கேட்டால், ஏரோவிடமிருந்து கைப்பற்றிக் காவல் நிலையத்தில் வைத்திருக்கும் அந்த நீல வட்டைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மை போனாலும் கறை முழுதாகப் போகவில்லை. பெயரில் முதல் இரண்டு எழுத்துகளும், அதன் கீழே 6173 என்ற எண்ணும் தெரியும். அது இந்தத் தாளின் முதல் பத்தியில் எழுதப்பட்டிருக்கும் என் எண்தான்.

எங்கள் ஊர்க்காரர்கள் பேசினால், அதற்கு என்ன அர்த்தம் என்பதற்குப் பொறுப்பு சொன்னவருடையது அல்ல, காதில் வாங்கியவருடையது என்று மற்ற ஊரார் கேலி செய்வது வழக்கம். மேலே உள்ளதை ஆய்வாளர் வரிவரியாகப் படித்துக் காட்டினார், ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. இதற்குப் பொறுப்பு என்னுடையது.

(ஒப்பம்) பைவி சாரெல்மா