நெஞ்சுக்குள் ஒரு குடை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் இருந்த அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார்.

“எம் பொண்ணு நெஞ்சுக்குள்ள ஒரு கொடை கீது.”

“இன்னா கொடைக்கா?”

“டாக்டரு அப்டித்தான் சொன்னாரு. அவளுக்கு இதயத்துல ஓட்டை இருந்துச்சுல்ல? நாலு எட்டு ஓடுனா மூச்சு வாங்கும். தொடையில மெல்லிசா ஒரு டியூப வுட்டு, அது வழியா கொடைய மடக்கி அனுப்பி, உள்ள விரிச்சுட்டாரு. ஓட்டை அடைஞ்சுபோச்சு.”

“நெஞ்சைக் கீறலயா?”

“தையலே கெடையாது.”

“அப்ப மாப்ள வூட்ல சொல்லாதக்கா. யாருக்குத் தெரியப்போவுது?”

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கே அவளே சொல்லிட்டாளே.”

“அய்யய்யோ. இன்னா சொன்னாங்க?”

“மாப்ளயோட அம்மா ‘மழைக்கு மட்டுந்தானா, வெயிலுக்கும் ஆவுமா’ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சுட்டோம். தை மாசம் கல்யாணம்.”

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த நிறுத்தத்தில் அந்த அம்மா இறங்கினார். எதிர்ச் சந்திலிருந்து ஒரு பெண் தொப்பலாக நனைந்து ஓடி வந்தாள். கையில் விரிக்காத குடை.

“கொடைய வெச்சிகினு ஏன்டி நனைஞ்சினு வர?”

“விரிச்சா ஓட முடியலம்மா.”

அந்த அம்மா குடையை வாங்கவில்லை. நனைந்தபடியே பஸ்ஸைத் திரும்பிப் பார்த்து, தோழிக்குக் கேட்கும்படி சொன்னார்.

“பாத்தியா, ஓடியாந்துகீறா.”