பத்தொன்பதாவது வரி

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். நான் ஆடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, பையன் பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல நாற்காலியாக இருந்தாலும் ஆடுவேன். சும்மா உட்கார எனக்கு வராது. பூசையில் பிரசங்கம் நடக்கும்போதுகூடப் பாட்டுப் புத்தகத்தின் மூலையை மடித்து மடித்து நிமிர்த்துவேன். அம்மா தொடையில் கிள்ளுவார். வலிக்கும், ஆனால் விரல் நிற்காது.

என் வகுப்பு அஜித்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஒப்புக்கொண்டும் விட்டானாம். அதைப் பற்றித்தான் பேச வந்தேன். கம்ப்யூட்டர் உங்களுக்குப் பிடிபடாது என்கிறீர்கள். பரவாயில்லை, இதற்கு ஒன்றிலிருந்து இருபத்தொன்று வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

எங்கள் காலேஜ் ஆற்றோர ஊர்களுக்கு ஒரு சேவை செய்கிறது. மேலே அணையில் தண்ணீர் திறப்பதாக இருந்தால் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். நாங்கள் தட்டிவிட்டால், படுகையில் மோட்டார் போட்டிருக்கும் விவசாயிகள் அத்தனை பேருக்கும் மெசேஜ் போகும். அவர்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுவார்கள். நம்பர்கள் ஒரு ஃபைலில் இருக்கின்றன, வரிக்கு ஓர் ஆள்.

ஃபைல் இருப்பது லேபின் மூலையில் கிடக்கும் கிழட்டு மெஷினில். ஃபைலைத் திருத்த அதில் உள்ள ஒரே எடிட்டர் ed. அது ஃபைலை விரித்துக் காட்டாது. எத்தனையாவது வரி என்று நாம்தான் சொல்ல வேண்டும். 20p என்றால் இருபதாவது வரியைக் காட்டும். 20d என்றால் அழித்துவிடும். அழித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. தப்பாக எதையாவது அடித்தால் ஒரு கேள்விக்குறி போடும், அவ்வளவுதான். என் மார்க்கைப் பார்த்தால் அப்பாவும் அப்படித்தான். ஆகவே எனக்கும் ed-க்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போனது.

இருபத்தொன்றாவது வரி சின்னக்கண்ணு. படுகையோரம் கத்தரிக்காய் போடுகிறவர், வயதானவர், எழுத்துத் தெரியாது. போனில் எது வந்தாலும் சேவை நம்பருக்கு அடிப்பார். அந்த போன் என்னிடம்தான் இருந்தது. "அப்பு, போனு டிங்குனுச்சு. தண்ணியா, வேற எதுவுமா?" என்பார். பெரும்பாலும் ரீசார்ஜ் விளம்பரமாக இருக்கும். அதைச் சொன்னதும் வைக்க மாட்டார். சாப்டியா, என்ன வெஞ்சனம் என்று விசாரித்துவிட்டுத்தான் வைப்பார். நிலக்கோட்டை பஸ்ஸில் பூக்கூடைகளுக்கு நடுவில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, நான் சாப்பிட்ட அவியலை வர்ணித்திருக்கிறேன்.

ஒருநாள் ஒரு பை கத்தரிக்காயோடு காலேஜுக்கே வந்துவிட்டார். வாசலில் என் பெயரைச் சொல்லத் தெரியாமல், "எனக்கு மெசேசு படிச்சுச் சொல்ற தம்பி" என்று கேட்டிருக்கிறார். அவரை வகுப்புக்குக் கூட்டிவந்தவன் அஜித்.

"ஏலே கஸ்டமர் கேர், கஸ்டமர் வந்துருக்காரு. ஒன்ன அமுக்கட்டுமா, ரெண்ட அமுக்கட்டுமா?"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. டெய்சி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சார், எங்கள் டிபார்ட்மென்ட் கேலிப் பத்திரிகையை நடத்துவது நான். பிரின்சிபாலுக்கே பட்டப்பெயர் வைத்தது நான். அந்த வாரத்திலிருந்து கேன்டீனில் டீ கொடுப்பவர்கூட என்னைக் கஸ்டமர் கேர் என்றுதான் கூப்பிட்டார். நான் கோபப்படவில்லை. கத்தரிக்காயை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

பிறகு லேபைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஞானராஜ் சார் அஜித்திடம் இரண்டு நம்பர்களை அழிக்கச் சொன்னார். பதினாலாவது வரியில் மாயம்மாள், நிலத்தை விற்றுவிட்டார். இருபதாவது வரியில் அழகுராஜா, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். இங்கே ஒரு குழி இருக்கிறது. முதலில் பதினாலை அழித்தால், கீழே உள்ளவர்கள் எல்லோரும் ஒரு படி ஏறிவிடுவார்கள். அழகுராஜா பத்தொன்பது, சின்னக்கண்ணு இருபது. அடுத்து யோசிக்காமல் 20d அடித்தால் போவது சின்னக்கண்ணு. அதனால் கீழிருந்து மேலாகத்தான் அழிக்க வேண்டும். முதல் வருடத்தில் எல்லோரும் ஒருமுறையாவது அந்தக் குழியில் விழுந்து எழுந்திருப்போம்.

அஜித் விழவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தேன். 20d, பிறகு 14d. சேவ் செய்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

நான் அவன் இடத்தில் உட்கார்ந்தேன். 19p அடித்தேன். சின்னக்கண்ணு வந்தார். 19c அடித்தேன். அந்த வரியை எடுத்துவிட்டு வேறு வரி போடு என்று அர்த்தம். அழகுராஜாவின் நம்பரைப் போட்டு, அடுத்த வரியில் ஒரு புள்ளி வைத்து முடித்து, சேவ் செய்தேன். இனி யார் திறந்து பார்த்தாலும், அஜித் மேலிருந்து அழித்துவிட்டான் என்றுதான் தெரியும். ஒரே ஒரு கட்டளை. இதைவிடச் சுருக்கமாகச் செய்ய முடியாது என்று எங்கள் சாரே சொல்வார்.

இதில் கெடுதல் என்ன என்று யோசித்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தில் தகவல் அனுப்புவது வீண். மிஞ்சிப்போனால் ஒரு மோட்டார் போகும். அஜித் நாலு நாள் திட்டு வாங்குவான்.

அணையில் திறக்கப் போகும் தகவல் ஒரு சாயங்காலம் வந்தது. விடிந்ததும் மெசேஜ் தட்ட வேண்டியது நான். சற்று நேரத்தில் சின்னக்கண்ணு கூப்பிட்டார்.

"புட்வால்வுல மண்ணு அடச்சுக்கிருச்சு அப்பு. விடிய ஆத்துல இறங்கிக் கழட்டணும். தண்ணி கிண்ணி விட்ருவாகளா?"

"விட்டா மெசேஜ் வரும் தாத்தா. போனு டிங்குங்கலன்னா தண்ணி வரலைன்னு அர்த்தம்."

"அது போதும் அப்பு. சாப்டியா?"

சாப்பிட்டுவிட்டேன் என்றேன்.

காலையில் தட்டினேன். எல்லோரும் கரையேறிவிட்டார்கள். திருப்பூரில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அழகுராஜாவுக்கும் கரையேறச் சொல்லித் தகவல் போயிருக்கிறது. அவர் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாராம். மோட்டார் அன்றைக்கே தடுப்பணையில் கிடைத்தது. தாத்தா மறுநாள் கிடைத்தார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் மகள் மணிமேகலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா ஒன்னயப் பத்தித்தான்ப்பா தெனமும் பேசுவாரு" என்றார். எனக்கும் வருத்தம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஞானராஜ் சார் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, குழியில் விழுந்துவிட்டாயே என்று அஜித்திடம் சொன்னார். அஜித் முதலில் மறுத்தான். எல்லோரும் சொல்லச் சொல்ல, தன் விரல் எதை முதலில் அடித்தது என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்போது, "நாந்தேன் மாத்தி அழிச்சுட்டேன்" என்று அழுகிறான். சோறு இறங்கவில்லையாம்.

அவனை விடச் சொல்லிக் கேட்க நான் வரவில்லை சார். அது உங்கள் வேலை. ஆனால் நேற்று ஸ்டேஷன் வாசலில் ஒருவர், வழக்கில் கவனக்குறைவு என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அந்த வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். நான் எழுதிய வரி அது, அதில் ஒரு கவனக்குறைவும் கிடையாது.