ஒன்பது மணி மெயில்

நீங்கள் ஷட்டரைத் தடதடவென்று தட்டியபோது பிரிண்டருக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன். அதனால்தான் கை இப்படிக் கறுப்பாக இருக்கிறது, வேறொன்றுமில்லை, இன்ஸ்பெக்டர் சார்.

உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவனுக்கு ஆயிரம் வேலை. மானாம்பதியில் தனியாக இருக்கும் வேதாசலத்தைத் தினமும் போய்ப் பார்த்து, துபாயில் வேலை செய்யும் அவர் மகள் சுதாவுக்கு மெயில் போடுவதும் அதில் ஒன்று. பெரியவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. போனில் பேச முடியாது. மெயில் வந்தால் அப்பா சுகம். ஒரு நாள் வராவிட்டால் அன்றே விமானம் ஏறிவிடுவாள். இதுதான் சுதாவின் ஏற்பாடு.

ஒரு மாதம் ஒழுங்காகத்தான் போனேன். பெரியவர் தினமும் அதே கஞ்சியைக் குடித்தார், அதே முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார். செய்தியே மாறாதபோது ஆள் எதற்கு? நாற்பது வாக்கியங்களை ஒரு ஃபைலில் எழுதி, தினமும் காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரே ஒன்றை எடுத்து அனுப்பும்படி ஒரு ஸ்கிரிப்ட் போட்டேன். நேரம் குறித்துவிட்டால் விண்டோஸே பார்த்துக்கொள்ளும். கரண்ட் போய்த் தவறினால், வந்ததும் அனுப்பு என்பதற்கும் ஒரு டிக். இப்போதுதான் மெயில் விவரமாக வருகிறது என்று சுதா பாராட்டினாள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, பெரியவரின் பக்கத்து வீட்டு செங்கேணி ஜெராக்ஸ் எடுக்க வந்தாள்.

"இன்னா ஜெகன், பெரியவரு வூட்டுக் கதவு ரெண்டு நாளா சாத்தியே கீது. தட்னாலும் அவருக்குக் கேக்காது. நீதான் டெய்லி வந்து பாக்குறியாமே, எந்த நேரத்துல வர்ற, என் கண்ணுல மட்டும் படாம?"

போய்ப் பார்த்திருக்கலாம். பார்த்தால், நான்கு மாதமாகப் போகாதது தெரிந்துவிடும். ஓரிக்கையில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். நிம்மதியாகத் திரும்பிப் போனாள்.

மறுநாள் போன வாக்கியம், 'அப்பா கொல்லைப்பக்கம் நடந்துவிட்டு வந்தார்.' அதை நிறுத்த இரண்டு கிளிக் போதும். நிறுத்தினால் சுதா பதறுவாளே என்று விட்டுவிட்டேன்.

பதினோராம் நாள், நாற்றம் தாங்காமல் செங்கேணிதான் ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தாள். இடுப்பெலும்பு முறிந்து அடுப்படியில் கிடந்திருக்கிறார். அந்த வார வியாழக்கிழமை வரை உயிர் இருந்திருக்கும் என்கிறார் டாக்டர். செங்கேணி என்னிடம் வந்தது செவ்வாய். எனக்கும் புரிகிறது, சார். நான் போயிருந்தால் பிழைத்திருப்பார்.

சுதா சற்றுமுன் ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்த்தாள். பாவமாக இருந்தது, நானாகத்தான் ஆறுதல் சொன்னேன்.

"ஒரு நாள்கூடத் தவறாம உனக்கு மெயில் வந்துக்கினுதான இருந்துச்சு, சுதா?"