குளிப்பாட்டிய மாடு

"மாட்டை ஏன் அண்ணை குளிப்பாட்டினனீங்கள்?"

வெள்ளவத்தையில் ஏறி என் முன் சீற்றில் இருந்த பெண் போனில் இப்படிக் கேட்டார். பஸ் இரைச்சலில் ஸ்பீக்கரைப் போட்டிருந்தார். உண்ணி கடித்து மானிலிருந்து மாட்டுக்கும் மனிதருக்கும் தொற்றும் நோய்களை ஆராய்பவர் என்று பேச்சில் விளங்கியது. மறுமுனையில் வவுனியாப் பக்கம் மாடு வளர்க்கும் ஒருவர்.

"கொழும்பில இருந்து டொக்டர் வாறியள், மாடு ஊத்தையா நிண்டா மரியாதையில்லைத்தானே. மகள்தான் ஒரு கிழமையா இருந்து உண்ணி முழுக்கப் பிடுங்கினவ."

"ஐயோ, உண்ணி எடுக்கத்தானே நான் வாறன்! எனக்கு ஒண்டாவது வேணும், அண்ணை."

"ஒண்டும் மிச்சமில்லை. எல்லாத்தையும் நகத்தால நசுக்கிப்போட்டா."

"வெறுங்கையாலயோ?" பெண்ணின் குரல் மாறியது. "மகள் இப்ப எங்க?"

"படுத்திருக்கிறா. முந்தநாள் தொடக்கம் காய்ச்சல். மழையில நனைஞ்சவ."

பம்பலப்பிட்டியில் இறங்க எழுந்த பெண் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பஸ் மறுபடி நகர்ந்தது.

"அண்ணை, மகளின்ர காதுக்குப் பின்னால, தலைமயிருக்குள்ள வடிவாப் பாருங்கோ. ஏதும் கண்டா நசுக்கவேண்டாம். இருந்தாலும் இல்லாட்டிலும் இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. உண்ணி பிடுங்கினவ எண்டு அங்க கட்டாயம் சொல்லுங்கோ. போனை வைக்காதேங்கோ."

போனில் ஒரு கோழி கத்தியது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"டொக்டர்," என்றார் மாட்டுக்காரர். "ஒண்டு இருக்கு."