நேத்து வரைக்கும் இருந்த சுப்பராயலு

இல்ல சார், போட மாட்டேன். பேனாவ பாக்கெட்ல வெச்சிக்கங்க. ரெண்டு தடவ படிச்சிட்டேன். மன்னிப்பு கேக்குறேன்னு அடிச்சிருக்கீங்க, சரி. ஊருக்குத் தொந்தரவு ஆயிடுச்சின்னு அடிச்சிருக்கீங்க, அதுவும் சரி. நடுவுல இன்னா இது, விளையாட்டாகச் செய்துவிட்டேன்னு? அந்த ஒரு வார்த்தைய எடுத்துட்டுக் குடுங்க, இப்பவே போடறேன். முடியாதா? அப்ப வெள்ளிக்கிழம டிசி குடுக்கச் சொல்லுங்க, வாங்கிக்கினு போறேன்.

நான் விளையாட்டுப் பையன்தான், யாரு இல்லன்னா. எச்செம் மஞ்சுளா மேடம் குரல்ல மைக்ல லீவு வுட்டது நான்தான். பாதி ஸ்கூலு கேட்டத் தாண்டிடுச்சி. முட்டி போடுன்னாங்க, போட்டேன். விளையாட்டுன்னா விளையாட்டுன்னு ஒத்துக்குவேன் சார். இது அது இல்ல.

ஆரமிச்சது யாரு? போன மாசம் எங்க பாகூர் ஸ்கூலுக்கு வந்து, எல்லோருக்கும் தத்துவம்னு பேனர் கட்டி கேம்ப் போட்டது நீங்க. இருங்க, பேசிக் காட்றேன். மாணவச் செல்வங்களே, தத்துவம் என்பது, ம்ம், கனத்த புத்தகத்தில் இல்லை. உங்கள் மக்கள் எதை ரசிக்கிறார்களோ, எதற்குக் காது கொடுக்கிறார்களோ, ம்ம், அதில் வைத்துச் சொல்லுங்கள். அந்த ம்ம்முக்கு கண்ணாடிய மேல தள்ளுவீங்க. சிரிக்காதீங்க சார், நான் கோவத்துல இருக்கேன்.

அப்பால ஒரு கேள்வி குடுத்தீங்க. நேத்து இருந்த மனுசனும் இன்னிக்கு இருக்குற மனுசனும் ஒரே ஆளான்னு. சினிமா ஹீரோவ வெச்சி நீங்களே சொன்னீங்க, இடைவேளைக்கு முன்னாடி ரவுடி, பின்னாடி நல்லவன், இவன் அவனான்னு. ஹீரோ திருந்துனா ஒரு பாட்டுல நம்பிடுவானுங்க. தெருவுல ஒருத்தர் திருந்துனா?

அதுக்கு அப்பறம் வரேன். எங்க கிளாசு சிந்து, சீரியல் மாமியார வெச்சி செஞ்சா. விஷ்ணு, கிரிக்கெட் கமெண்டரி. நான் யோசன பண்ணேன், எங்க ஊருல எல்லாரும் வேலைய வுட்டுட்டுக் காது குடுக்குறது எதுக்கு? சினிமாவுக்கா? இருசப்பன் ஆட்டோவுக்கு சார். மேல ஸ்பீக்கரு கட்டிக்கினு சாவு சொல்ல வர்ற ஆட்டோ. அது தெருமுனையில திரும்புனா மிக்சி நிக்கும், டிவி சத்தம் கொறையும், வாயில வெச்ச சோத்த மெல்ல மாட்டாங்க, யாரு பேரு வருதோன்னு. அதவிட நல்ல மேடை எனக்கு எங்க கெடைக்கும்?

இருசப்பன் குரல் எனக்கு அத்துப்படி. மூக்க லேசா அடைச்சிக்கினு கடைசி வார்த்தைய இழுக்கணும், அவ்ளோதான். பேசி பென்டிரைவ்ல ஏத்தி, அவரு டீ குடிக்கப் போன நேரம் மாத்தி வெச்சிட்டேன். அவருக்கே சந்தேகம் வரல. நம்ம குரல்தானே, எப்பவோ பேசிக் குடுத்திருப்போம்னு ஓட்டிக்கினு போயிட்டாரு.

நான் பேசுனது இதான். நல்லாக் கேளுங்க. பாகூர் பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வதூ. மோட்டார் ரிப்பேர் சுப்பராயலு அவர்கள், நேற்று வரை இருந்தவர், இன்று இல்லை. அன்னாரது இல்லத்தில் அதே பெயரில், அதே முகத்தில், குடிக்காத வேறு ஒருவர் வசித்து வருகிறார். பொதுமக்கள் நேரில் வந்து பார்க்கலாம். சொல்லுங்க, இதுல எந்த வரி பொய்யி? உங்க பாடந்தானே?

தப்பு ஒண்ணுதான். ஆட்டோ நிக்காது. போய்க்கினே இருக்கும். இன்று இல்லைன்னு வந்ததுமே அடுத்த தெருவுல பூந்துடும், மீதிய அந்தத் தெரு கேக்கும். ஆனா பாதி கேட்டா போதுமே இந்த ஊருக்கு. அர மணி நேரத்துல ஐஸ் பொட்டிக்காரரு வந்து எங்க எறக்கணும்னாரு. மேளம் வந்துடுச்சி. அரியாங்குப்பத்துலேருந்து சொந்தக்காரங்க ஹெல்மெட்டக் கழட்டாமயே ஒப்பாரி வெச்சிக்கினு வண்டியில வந்தாங்க. மத்தியானத்துக்குள்ள ஒரு கட்சிக்காரரு கண்ணீர் அஞ்சலி பேனரே அடிச்சிட்டாரு. அதுல செத்தவரு படம் தம்மாத்தூண்டு, இவரு படம் ஆளு ஒசரத்துக்கு. சுப்பராயலு குளிச்சிட்டு லுங்கியோட வெளிய வந்து நின்னாரு. அவரப் பாத்து ஒரு அம்மா மயக்கம் போட்டு வுழுந்துட்டாங்க.

நீங்க இன்னா பண்ணீங்க? காலையில அந்த ஆடியோவ உங்களுக்கும் அனுப்புனேன்ல. மண்ணின் தத்துவம்னு எழுதி, மூணு நெருப்புப் படம் போட்டு உங்க பேஜ்ல ஏத்துனீங்க. ஊருல சண்டைன்னதும் எடுத்துட்டீங்க. இப்ப எனக்கு அந்தப் பையன யாருன்னே தெரியாதுன்னு மேடம் கிட்ட சொன்னீங்களாமே, ம்ம் போட்டு. ஆனா கேம்ப் பேரு கெடக் கூடாதுன்னு லெட்டர மட்டும் நீங்களே அடிச்சிக்கினு வந்துட்டீங்க.

அந்த ஆளு மேல உனக்கு இன்னா கோவம்னா கேக்குறீங்க? கேளுங்க. வயக்காட்டு மோட்டார கண்ண மூடிக்கினு பிரிச்சி மாட்டுவாரு. ஆனா குடி. குடிச்சிட்டு காயில தப்பாச் சுத்தி ஒரு மோட்டார எரிச்சிட்டாரு, நடவு நேரத்துல. அத்தோட எவனும் கூப்பிடறதில்ல. இப்ப இருபத்தி மூணு நாளா சொட்டு தொடல. யாராவது நம்புனானுங்களா? கடைத்தெருவுல நடந்தா, இன்னா சுப்பராயலு, மணி ஆறாவப் போவுது, இன்னும் கெளம்பலயான்னு கேக்குறானுங்க. கல்யாண வூட்டுல அவரு கிளாசுல தண்ணிய மோந்து பாக்குறானுங்க. பழைய ஆளு செத்துட்டான்னு மைக் போட்டுச் சொன்னாதான் இவனுங்களுக்கு ஏறும்னு சொன்னேன். அதுல இன்னா விளையாட்டு?

அன்னிக்கு அவரு இன்னா பண்ணாரு தெரியுமா? வந்தவங்களத் திட்டல. முழு ஆடியோவையும் ஒருத்தன் போன்ல போட்டுக் காட்டுனான். நின்னு கேட்டாரு. ஆமா, அந்த ஆளு போயிட்டான், வெயில்ல வந்திருக்கீங்க, எல்லாரும் மோரு குடிச்சிட்டுப் போங்கன்னாரு. அவரே மொண்டு குடுத்தாரு. பாதிப் பேரு வாங்கிக் குடிச்சாங்க. பாதிப் பேரு திட்டிக்கினே போனாங்க.

இப்ப உங்க லெட்டருல விளையாட்டுன்னு எழுதி, நான் கீழ பேரு போட்டு, அத நோட்டீஸ் போர்டுல ஒட்டுனா இன்னா அர்த்தம்? அந்த ஆளு சாவல, சும்மா சொன்னேன்னு அர்த்தம். சாயந்தரம் வருவான் பாருன்னு கடைத்தெருவுல உக்காந்திருக்குறவனுக்கெல்லாம் நானே எழுதிக் குடுத்த மாதிரி.

சரி, என்ன வுடுங்க. எனக்குப் பதினேழுதான், நான் போட்டா மட்டும் செல்லாது. பெற்றோர் கையொப்பம்னு கீழ கோடு போட்டிருக்கீங்க பாருங்க. அங்க சுப்பராயலுதான் போடணும். ஆமா சார், அவருதான் எங்கப்பா. வூடு பக்கந்தான், வாங்க போலாம். உன் புள்ள உன்ன வெச்சி விளையாடிட்டான், இதுல போடுன்னு நீங்களே கேளுங்க. கை நடுங்கும், வுட்ட புதுசுல அப்படித்தான் இருக்கும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. பேப்பரு நகராம நீங்க கொஞ்சம் புடிச்சிக்கங்க.