முத்திரை உடையாத கத்தி

– அரக்கு சீலை உடைக்க முடியாது, ஜெயவேலு. வேற எது வேணும்னாலும் கேளு.

– நான் இன்னா எனக்கா கேக்கறேன், வேதசிரோமணி சாரே? உம் பொண்ணு ஜெயசீலி கேட்டனுப்பிச்சிக்கிறா. காலைல கோயில்ல தாலி ஏறிடுச்சி. இப்ப ஸ்கூல் ஹால்ல வெள்ளைப் பட்டு கசங்காம குந்திகினு கீறா. நாலு மணிக்கு கேக்கு வெட்டணும். மூணு அடுக்கு! எழும்பூர்லேர்ந்து டாக்ஸில, கொழந்தையாட்டம் மடில வெச்சி எத்துகினு வந்தாங்க. எல்லாம் கீது, வெட்டக் கத்திதான் இல்ல.

– கேக்குக் கடைக்காரன் ஒரு கத்தி தரமாட்டானா?

– தரேன்னுதான் சொன்னானாம். நம்ம அக்காதான் வேணாம்னு சொல்லிடுச்சாம்.

– சௌந்தரி! நீயா சொன்னே?

– ஆமாங்க, நான்தான் சொன்னேன். முப்பத்திரண்டு கத்தியைக் கண்ணாடி அலமாரியில அடுக்கி வெச்சிருக்கிற வீடு. கேக்கு வெட்டறதுக்கு இரவல் கத்தின்னா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க? நான் ஒண்ணும் சொல்லலை. ஏதாவது ஒரு சின்னதா எடுத்து ஜெயவேலு தம்பிகிட்ட குடுத்தனுப்புங்க. நான் உள்ள போய்ப் புடவை மாத்திட்டு வந்துடறேன்.

– சின்னது இல்லக்கா. பாப்பா பேர் சொல்லிக் கேட்டுச்சி. அரக்கு சீல் வெச்சிக்கிற அந்தக் கத்திதான் வேணுமாம். அது இல்லாங்காட்டி கேக்கே வெட்ட மாட்டாளாம்.

– அதுவா? அது எதுக்குத் தம்பி? அது வேணாம். அந்த வெள்ளிப்பிடி போட்டது போதுமே.

– கேட்டியா ஜெயவேலு! அவளுக்கே மனசு வரலை. இத்தனை வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணினதுல அவளுக்கும் ஒரு கலெக்டரோட புத்தி வந்துடுச்சு. நீ போம்மா, போய் மாத்திக்கோ.

– இன்னா கலெக்டர் புத்தி? நானுந்தான் கத்தி சேக்கறேன். எங்கிட்டயும் இருபத்தஞ்சி கீது. ஒண்ணாவது கண்ணாடிக்குப் பின்னால தூங்குதா, சொல்லு?

– உன்கிட்ட இருக்கிறதுக்குப் பேர் கலெக்‌ஷன் இல்லை. கசாப்புக் கடை.

– த பாரு. அம்பத்தொம்பதுல நம்ம தாம்பரம் ரயில்வே காலனி மெயில் வண்டி டிரைவர் ஆஸ்திரேலியா கெளம்புறப்போ சாமானெல்லாம் வித்தான். ஒரே பொட்டி, உள்ள ரெண்டு கத்தி, ஒரே அச்சி. நீயும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பொட்டியப் புடிச்சிகினு சண்டை போட்டோம். ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கலாம்னு டிரைவர் சம்சாரம் பஞ்சாயத்து பண்ணிச்சி. நாம சிநேகிதம் ஆனதே அதுலதான். ஞாபகம் கீதா?

– நல்லா இருக்கு. உன்னோட சட்டைப் பையைக் கிழிச்சதும் நான்தான்.

– அன்னிக்கே நான் என்னுத எடுத்துகினு போயி எளநி சீவினேன். நீ இன்னா பண்ண? உறையோட நூலு சுத்தி, அரக்கு ஊத்தி, உம் பேர் போட்ட பித்தளை அச்ச குத்தி வெச்ச. கத்தியா சாரே அது? பார்சலு!

– பார்சல்தான். அதுல என்ன தப்பு? இருபத்தாறு வருஷமா பார்சல் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன். மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்கறது எங்க வேலை இல்லை. சீல் இன்டாக்ட்னா சாமான் இன்டாக்ட். அவ்வளவுதான் ரூல். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கோயில்லேர்ந்து வந்ததும் எடுத்துப் பார்க்கறேன். எட்டு வருஷத்துல ஒரு மயிரிழை விரிசல் கிடையாது.

– உள்ள கீற கத்திய பாத்தியா?

– பாயிண்ட் அது இல்லை.

– அதான் சாரே பாயிண்ட்டே! என்னுதுல நான் மாங்கா ஒட்டுக் கட்டிக்கிறேன். பொழிச்சலூர் ஏரில புடிச்ச விராலு அரிஞ்சிக்கிறேன். ஒரு தபா நடுத் தோப்புல ஆடு குட்டி போட்டுது, கொடிய அறுத்ததே அந்தக் கத்திதான். மெய்யாலுமே சொல்றேன், கைல எடுத்தா அது எங்கிட்ட பேசுது.

– பேசும், பேசும். பாதி தேய்ஞ்சு போச்சு. மிச்சம் இருக்கிற பாதி பேசுது.

– எங்கே தேஞ்சிது? இதோ இடுப்புலயே கீது. நல்லா பாரு.

– கையில குடுக்காதேய்யா, எத்தனை தடவை சொல்றது! கீழ வை, நான் எடுத்துக்கறேன். கல்யாணத்தன்னிக்குக் கத்தியைக் கைக்குக் கை மாத்தினா நம்ம ரெண்டு பேருக்கும் சண்டை வந்துடும்.

– இப்ப மட்டும் இன்னா, கொஞ்சிகினா கீறோம்?

– ம்... பாரு, எப்படி இளைச்சுப் போயிருக்கு பாரு. வாங்கினப்போ இது என்ன அகலம்! எளநி, விரால், ஆடுன்னு போட்டு... கர்த்தாவே. உனக்கு மனசாட்சியே கிடையாதா? இதோட உறையை என்ன பண்ணினே?

– நாய்க்குக் கழுத்துப்பட்டி தெச்சிட்டேன்.

– போச்சு.

– நல்லதாப் போச்சின்னு சொல்லு! போன வாரம் செயின்ட் தாமஸ் மவுண்ட்ல நம்ம வேட்டைக்காரர் சவுரிமுத்து வூட்டுக்குப் போனேன். அவரும் உன்ன மாதிரிதான். பன்னி குத்துற கத்தி ஒண்ண உறைல போட்டு, பத்து வருஷமா தொடாம செவுத்துல மாட்டி வெச்சிருந்தாரு. எனக்குக் காட்றேன்னு இழுத்தாரு. வர்ல. ரெண்டு பேரும் சேந்து இழுத்தோம். வந்துச்சி.

– வந்துடுச்சில்ல?

– பாதி வந்துச்சி. மீதி உறைக்குள்ளயே துரு புடிச்சி ஒட்டிகினு கீது. தோல பதம் போடச் சொல்ல ஒரு உப்பு போட்றாங்களாம். அது உள்ள இருந்துகினு சத்தம் போடாம இரும்பத் துன்னுடுமாம். குரோம்பேட்டைல தோல் யாவாரம் பண்றவங்களையே கேட்டேன். "கத்திய உறைல போட்டா வெச்சிக்கிறாரு உங்க சாரு?"ன்னு சிரிக்கறாங்க.

– சும்மா சொல்லாதே.

– எங்கம்மா மேல ஆணையா.

– என்னுது சீமைத் தோல்.

– சீமைத் தோலுக்கு மட்டும் பசிக்காதா?

– சௌந்தரி! ஒரு டம்ளர் தண்ணி கொண்டா.

– இந்தாங்க. என்ன, முகமெல்லாம் வேர்த்துப் போச்சு? கோட்டைக் கழட்டி வைங்க. தம்பி, உனக்கும் தண்ணி வேணுமா?

– வேணாங்கா. நேத்து விருந்துல மீன் கொழம்பு துன்னது இன்னும் தொண்டைலயே கீது. சோக்கா இருந்திச்சி. துண்டு ஒவ்வொண்ணும் அளவெடுத்து அறுத்தாப்ல, ஒரு ஓரம்கூட பிசிறு இல்ல. எதுலக்கா அரிஞ்ச?

– இருக்கிறதுலதான் தம்பி. வேற எதுல?

– ஜெயவேலு, இவளைப் பார்த்துக் கத்துக்கோ. வீட்டுல முப்பத்திரண்டு கத்தி. இவ கையில ஒரு அருவாமனை, அதுவும் பல்லு போனது. இந்த எட்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை வந்து, "அலமாரியிலேர்ந்து ஒரு கத்தி சமையலுக்குக் குடுங்க"ன்னு கேட்டா. முடியாதுன்னேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறந்து கேட்டதில்லை. அதுக்குப் பேர்தான் டிசிப்ளின்.

– நான் ஒண்ணும் சொல்லலை. மணி மூணே கால். வெள்ளிப்பிடியை எடுத்துக் குடுங்க, அவர் கிளம்பட்டும்.

– வெள்ளிப்பிடிய எத்துகினு போயி நான் பாப்பா மூஞ்சில முழிக்க முடியாதுக்கா. சீல் வெச்ச அன்னிக்கு நானும் இங்கதான் முறுக்கு துன்னுகினு இருந்தேன். அதுக்குப் பன்னண்டு வயசு. சாரு அரக்கு ஊத்தறப்போ, பக்கத்துல மெழுகுவத்தி புடிச்சிகினு நின்னுது. "இத எப்பப்பா தொறப்ப?"ன்னு கேட்டுச்சி. இன்னா சொன்ன சாரே? சொல்லு, அக்காவும் கேக்கட்டும்.

– "உன் கல்யாணத்துக்கு"ன்னேன்.

– பன்னண்டு வயசுப் பொண்ணுக்கு சொன்னதுன்னு நீ மறந்துட்ட. அது மறக்கல. இப்ப ஹால்ல எங்கிட்ட இன்னா சொல்லிச்சி தெரியுமா? "அங்கிள், அப்பாவுக்கு நான் பெருசா, கத்தி பெருசான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்"னு சிரிச்சிகினே சொல்லிச்சி. வாய்தான் சிரிச்சிது. கண்ணு சிரிக்கல.

– அப்படியா சொன்னா?

– அப்படித்தான்.

– ஜெயவேலு, உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலைய்யா. எப்பவோ நடக்கப் போற கல்யாணம்னு நினைச்சுச் சொல்லிட்டேன். இவ்வளவு சீக்கிரம் வரும்னு யார் கண்டா? நாளைக்கு அவ திருச்சி வண்டி ஏறிப் போயிடுவா. வீடு வெறிச்சுனு ஆயிடும். இது ஒண்ணாவது அன்னிக்கு அவ மெழுகுவத்தி பிடிச்சு நின்னப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டுமேன்னு பார்க்கறேன். உடைச்சுட்டா அப்புறம் எனக்கு என்ன இருக்கு? இப்போ நீ வேற வந்து தோல் தின்னுடும்ங்கறே. திறந்து பார்த்து உள்ள துருவா இருந்துச்சுன்னா? அதையா கொண்டு போய் என் பொண்ணு கையில குடுப்பேன்? எனக்குப் பயமா இருக்குய்யா.

– சாரே... அட, இன்னா சாரே இது. கண்ணத் தொடச்சிக்க.

– ஏங்க, இப்படி உட்கார்ந்து அழுதா எப்படி? விடுங்க. வேணாம்னா வேணாம். ஜெயசீலிகிட்ட நான் பேசிக்கறேன்.

– இல்லை சௌந்தரி. திறந்துடறேன். துருவோ என்னவோ, அவகிட்ட சொன்னது சொன்னதுதான். ஜெயவேலு, அலமாரி மேல்தட்டு, வலது ஓரம். மெதுவா எடு.

– ஏங்க, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க...

– தடுக்காதே. உனக்கு இது மேல எவ்வளவு பாசம்னு எனக்குத் தெரியும்.

– சரி, அப்போ மடியில பழைய துணி விரிச்சுக்கிட்டாவது உடைங்க. புதுக் கோட்டுல அரக்கு ஒட்டிக்கப் போகுது.

– இன்னா சாரே, எட்டு வருஷத்து அரக்குன்ற. தொட்டா இன்னா மினுமினுப்பு! நேத்து ஊத்தினாப்ல கீது.

– நல்ல சரக்கு அப்படித்தான்யா இருக்கும். பாரு, சீல் இன்டாக்ட். நீ சாட்சி. பிதா சுதன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே...

– ஒடச்சிட்டியா? நூல நான் அவுக்கறேன். ம், இழு சாரே. பயப்படாத. இழு.

– நீ இழு. நான் கண்ணை மூடிக்கறேன்.

– அட!

– என்னய்யா அட? பாதிதான் வந்துச்சா? சொல்லித் தொலை!

– சாரே. கண்ணத் தொற.

– ஐயோ. ஐயோ ஜெயவேலு! பளபளன்னு இருக்கேய்யா! என் மூக்கு தெரியுது அதுல!

– மெய்யாலுமே ஒரு பொட்டுத் துரு இல்ல. இன்னா மாயம் சாரே இது? கட்ட வெரல வெச்சிப் பாத்தேன், என்னுத வுட ஷார்ப்பா கீது.

– எங்கே உன் தோல்? எங்கே உன் உப்பு? எட்டு வருஷம்யா! கை படாம, காத்துப் படாம வெச்சா எப்படி இருக்கும்னு இப்போ பார்த்துக்கோ. சவுரிமுத்துகிட்டயும் போய்ச் சொல்லு.

– இரு, இரு. என்னுத பக்கத்துல வெக்கறேன். த பாரு! ரெண்டும் ஒரே அகலம். நூல் புடிச்சாப்ல கீது. என்னுது தேஞ்சிட்ச்சின்ன? உன்னுதும் அதே சைஸ்தான சாரே? அப்போ எட்டு வருஷமா நான் எளநி சீவியும் ஒண்ணியும் தேயல!

– அட, ஆமாம். ஒரே அகலம்தான்.

– அப்போ நான் சொன்னது கரெக்ட்டு. நல்ல கத்தி வெட்ட வெட்டத் தேயாது.

– நான் சொன்னதும் கரெக்ட். நல்ல கத்தியைத் தொடாம வெச்சா கெடாது.

– ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டோம் சாரே! எட்டு வருஷ சண்டை பைசல். கைய குடு!

– சௌந்தரி, பார்த்தியா? இதை மோந்து பாருய்யா ஜெயவேலு. லேசா எலுமிச்சம்பழ வாசனை வருது. சீமை இரும்புக்கு மட்டும்தான் அப்படி ஒரு மணம் உண்டு.

– அப்படியா? என்னுதுல விராலு வாசனைதான் வருது.

– இப்போ சந்தோஷமாக் குடுக்கறேன். எடுத்துட்டுப் போ. இல்லை, இரு, நானே எடுத்துட்டு வரேன். "அம்மா ஜெயசீலி, எட்டு வருஷமா ஒரு வெங்காயம்கூட வெட்டாத கத்தி இது. முதல் வெட்டு உன் கையால"ன்னு ஹால்ல எல்லாருக்கும் முன்னால சொல்லிக் குடுக்கப் போறேன். கத்தியா, பொண்ணான்னு கேட்டாள்ல? பார்க்கட்டும்.

– ஏங்க.

– என்னம்மா, நீயும் அழறியா?

– இல்லைங்க. ஹால்ல அப்படியெல்லாம் ஒண்ணும் பேசாதீங்க. அதை இப்படி வைங்க, அரை எலுமிச்சம்பழம் போட்டு இன்னொரு தடவை தேய்ச்சுத் தரேன்.

– ஒண்ணுமே படாத கத்தியை எதுக்குத் தேய்க்கணும்? அதென்ன இன்னொரு தடவை?

– நான் ஒண்ணும் சொல்லலை.

– சௌந்தரி, சொல்லு.

– சொல்லிடுக்கா, மணி ஆவுது.

– நேத்து கேளம்பாக்கத்துலேர்ந்து வந்த கொடுவா மீன் மொத்தமும் இதுலதாங்க அரிஞ்சேன், கேக்குல கவிச்சி அடிக்கப் போகுது. எட்டு வருஷமா இந்த வீட்டுச் சமையல் எல்லாம் இதுலதான், அச்சு உங்க மேசை டிராயர்ல இருக்கு, அரக்கு உருக்க அடுப்பு என்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமைக்குள்ள திருப்பி சீல் வைக்கிறதுக்கு வேற என்னங்க வேணும்?