நடுவில் நிற்கிற ஆள்

— எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னு தெரியலை மச்சான். ஆனா அன்னைக்கு ஃபுட்பால் ஆட்டத்துல மழை. அது மட்டும் நிச்சயம். அந்தப் பய கையில பந்து வழுக்கிச்சு. இல்லாட்டி அவன் என்னைத் தாண்டி ஓடியிருப்பான்.

— மழையா? மண்டை காயிற வெயில்டா மாப்ளே. நான் உனக்குப் பின்னால கடைசி ஆளா நிக்கிறேன், ஹெல்மெட்டுக்குள்ள வேர்வை கண்ணுல எறங்கி ஒரு எழவும் தெரியலை. நீ முன்னால நின்னு கத்தறே, “ஹாலிஸ், இடப்பக்கம் போ, இடப்பக்கம்”னு. போனேன். அவன் நேரா உன் மேல வந்து மோதினான். மோதின சத்தம் மேல கூட்டத்துல ஒக்காந்திருந்த எங்கம்மாவுக்கே கேட்டுச்சாம்.

— அது நம்ம மொத வருஷமா?

— மூணாவது. நீ என் தங்கச்சியைக் கட்டின புதுசு. உன்னைத் திட்டணும்னாகூட நான் யோசிச்ச காலம்.

— இப்போ யோசிக்கிறியாக்கும்.

— இப்போ இந்தக் கரும்பு லாரியைத் திட்டிக்கிட்டிருக்கேன். வெட்டு ஆரம்பிச்சுட்டா இந்த ரோட்ல ஆமைகூட நம்மள முந்திடும். இந்தா, பெரிய ரோட்ல ஏறணும். வலப்பக்கம் ஏதாவது வருதா பாரு கார்னெல். என் கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது.

— ஒன்னும் வரலை. போ.

— நிச்சயமா?

— போ மச்சான். ஆடின காலம் பூரா நான் கை காட்டின பக்கம்தானே ஓடினே.

— ஓடித்தானே கழுத்து இப்படி ஆச்சு. சிரிக்கிறதுக்குத்தான்டா சொன்னேன்.

— தெரியுது. ஏன் இவ்வளவு மெதுவாப் போறே? லாரிதான் போயிடுச்சே.

— பிளேனுக்கு நிறைய நேரம் கிடக்கு.

— இவெட் உன்கிட்ட என்ன சொல்லி அனுப்பினா?

— யாரு, அவளா? ஒன்னும் சொல்லலையே.

— காலையில எழுந்து எனக்குச் சட்டை தேச்சு வெச்சா. காபி போட்டுக் குடுத்தா. ஒரு வார்த்தை பேசலை. உன் வண்டி வந்ததும் செருப்புகூடப் போடாம வெளிய ஓடினா. சன்னல்ல பாத்தேன். உன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னா.

— பாத்துட்டியா.

— எதிராளி கண்ணு எங்கே போகுதுன்னு பாக்கறதுதானே என் பொழப்பு.

— சரி, சொல்லிடறேன். எனக்கு மறைக்கவும் வராது. “அண்ணே, அவரை எனக்கு முன்னாலயே உனக்குத் தெரியும். ஏர்போர்ட் போய்ச் சேர்றதுக்குள்ள பேச்சுக் குடுத்துப் பாரு. அவருக்குத் தலை நல்லாத்தான் இருக்குன்னு தோணிச்சுன்னா ஏத்தி விடு. நான் அதுக்கப்புறம் வாயைத் திறக்க மாட்டேன். தோணலைன்னா வண்டியைத் திருப்பிடு.” இதுதான் சொன்னா.

— ஓ. நீ டாக்டர் ஆயிட்டே.

— கழுத்து திரும்பாத டாக்டர்.

— என்ன தோணுது டாக்டருக்கு?

— இன்னும் பாத்து முடிக்கலை. நீ பேசு.

— என்னத்தைப் பேச? ஆகஸ்டுல பயிற்சி முகாம் முடிஞ்ச கையோட வயசாயிடுச்சுன்னு டீமை விட்டு அனுப்பிட்டாங்க. அன்னையிலேருந்து வீட்ல கிடக்கேன். காலையில எழுந்தா எங்கே போய் நிக்கறதுன்னு தெரியலை மச்சான். அடுப்படியில நிக்கறேன், இவெட் நகரச் சொல்றா. வாசல்ல நிக்கறேன், தபால்காரன் நகரச் சொல்றான். மைதானத்துல அப்படி இல்லை. நடுவுல நிக்கிற ஆள் நான். எதிர்ப்பக்கத்துக்காரன் கால் கட்டைவிரலைத் திருப்பினா, பந்து எந்தப் பக்கம் வரப்போகுதுன்னு எனக்குத் தெரியும். மத்த பத்து பேரையும் நான்தான் அவனவன் எடத்துல நிறுத்துவேன். ஒரு மூச்சு விடற நேரம்தான். அதுக்குள்ள பாக்கணும், நினைக்கணும், கத்தணும்.

— தெரியும். அதுல உன்னை அடிச்சுக்க ஆளில்லை.

— நேத்து வடக்கே ஒரு டீம்லேருந்து போன் வந்துச்சு. அவங்க நடு ஆளுக்குக் கால் ஒடிஞ்சு போச்சாம். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு வர முடியுமான்னு கேட்டாங்க. கேட்டவன் என்னை “சார்”னு கூப்பிட்டான் மச்சான். போனை வெச்சுட்டு அப்படியே தரையில ஒக்காந்துட்டேன்.

— சந்தோஷத்துலயா?

— வேற எதுல?

— சும்மா கேட்டேன். இங்கே நிறுத்தி பெட்ரோல் போட்டுக்கலாம். நீயும் எறங்கு, கடையில ஏதாவது தின்னலாம்.

— அடடே, என் கடைக்கு யாரு வர்றது! என் ராசா கார்னெல்! வா, வா! டிவியில பாக்காம உன் மூஞ்சியே மறந்துடும்போல இருந்துச்சு.

— நல்லா இருக்கீங்களாம்மா?

— எனக்கென்ன, முட்டி தேஞ்சு போச்சு, நாக்கு தேயலை. மறுபடி ஆடப் போறியாமே? ஊரே அதைத்தான் பேசுது.

— ஆமாம்மா.

— போய் எதிர்ல வர்ற பயலுவளை மண்ணைக் கவ்வ வையி. சாசேஜ் இப்பத்தான் எறக்கினது, உள்ளே சோறும் ஈரலும் அடைச்சது, சூடா இருக்கு. ஆளுக்கு ரெண்டு எடுத்துக்குங்க. காசுன்னு பையில கைய வெச்சீங்க, கொன்னுடுவேன்.

— ரொம்ப சந்தோஷம்மா. நீங்க இங்கே கடை வெச்சு நாளாச்சோ?

— என்னய்யா கேக்கறே?

— எர்லீன் அத்தே, அவன் கிண்டல் பண்றான். பேச்சை வளக்காதே மாப்ளே, நேரமாச்சு.

— கிண்டலா? கிண்டல்தானே ஹாலிஸ்?

— கிண்டல்தான் அத்தே. வரோம்.

— வண்டிக் கதவை மெதுவா சாத்து மச்சான். எதுக்கு இந்தக் கோவம்?

— அது எர்லீன் அத்தைடா.

— தெரியும்.

— பள்ளிக்கூடத்துல மத்தியானச் சோறு போட்டவங்க. உனக்கு மட்டும் ரெண்டாவது தடவை போடுவாங்க, நான் தட்டை நீட்டினா கரண்டியால அடிப்பாங்க. உன் கல்யாணக் கேக் அவங்க கையால செஞ்சது.

— தெரியும்னு சொன்னேன்ல. சாசேஜ் மேல கண்ணு போயிடுச்சு. உனக்கு அப்படி ஆனதே இல்லையா?

— ஆகும். எனக்கும் ஆகும்.

— அப்புறம் என்ன?

— போன மாசம் கரும்புக் காட்டு ரோட்ல வண்டியை நிறுத்திட்டு இவெட்டுக்கு போன் போட்டியாமே. வீடு எந்தப் பக்கம்னு கேட்டு.

— இருட்டிப் போச்சு. கரும்பு ரெண்டாள் ஒசரம் நிக்குது. எந்த ரோடைப் பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கு.

— அந்தக் கரும்புக்குள்ளதானேடா நீ பொறந்து வளந்தே. எனக்குப் பயமா இருக்கு மாப்ளே.

— டாக்டருங்க பாத்துட்டாங்க மச்சான். ஜூலையில, முகாம் ஆரம்பத்துல. மாத்தமே இல்லைன்னு சொன்னாங்க. மொத வருஷம் பரீட்சையில எவ்வளவு வாங்கினேனோ அவ்வளவேதான் இந்த வருஷமும்.

— எந்தப் பரீட்சை? கம்ப்யூட்டர்ல வார்த்தையும் படமும் காட்டிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு எதெல்லாம் பாத்தேன்னு கேப்பானே, அதுவா?

— அதேதான்.

— அடப்பாவி, அதை நம்பியா பேசறே? அதுல எவன்டா உண்மை எழுதினான்? மொத வருஷம் பஸ்ஸுல நம்ம டீம் சீனியர் கெல்வின் எழுந்து நின்னு சொன்னது மறந்துடுச்சா? “பசங்களா, முகாம் ஆரம்பத்துல வெக்கிற பரீட்சையில முட்டாளா இருங்க. இப்பவே கம்மியா வாங்கி வெச்சுக்கோங்க. பின்னால மண்டையில அடி வாங்கிட்டு வந்து எழுதினாலும் அதே கம்மிதான் வரும். வித்தியாசம் இல்லைன்னு மறுபடி உள்ளே அனுப்பிடுவாங்க”ன்னு.

— நீ அதைக் கேட்டுட்டுப் போய் எல்லாத்தையும் தப்பாப் போட்டே.

— டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, “தம்பி, இங்கே வரைக்கும் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தது நீதானா”ன்னு கேட்டாரு! ரூமே சிரிச்சுச்சு.

— நான் அப்பவே சொன்னேன். தப்பை அளவாப் பண்ணணும்னு. மூணு வார்த்தையில ஒன்னை விட்டுடணும். படத்துல ஒரே ஒரு கோட்டை மாத்திப் போடணும்.

— நீ கில்லாடி. வருஷா வருஷம் தராசுல நிறுத்த மாதிரி ஒரே அளவு. இரு, இரு. இந்த வருஷமும் அதே அளவுதான் வந்துச்சா?

— அதேதான். தாளை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க.

— சத்தியமா?

— சத்தியமா.

— அடேய்! அப்படின்னா உனக்கு ஒன்னுமே இல்லைடா! ஒரு பொய்யை இத்தனை வருஷம் கழிச்சும் கூட்டாம கொறைக்காம சொல்றதுன்னா அதுக்கு எவ்வளவு நல்ல மூளை வேணும்? எதை விடணும்னு தெரியணும்னா மொதல்ல எல்லாம் ஞாபகம் இருக்கணும்ல? தலை போன ஆளால அது முடியுமா? என்னால தலை நல்லா இருந்தப்பவே முடியலை. அப்பாடா. காலையிலேருந்து நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு.

— இதை இவெட்கிட்ட சொல்லுவியா?

— இப்பவே சொல்றேன். அந்த போனை எடு. ...இவெட்டு, அண்ணன்தாம்மா. கேளு, கேளு. ஒன்னும் இல்லை. அவனுக்குத் தலை என்னைவிட நல்லா இருக்கு. ஆமா, நான்தான் சொல்றேன். எர்லீன் அத்தை விஷயமா? அதுக்குள்ள உனக்கு போன் பண்ணிட்டாங்களா? அது கிண்டலும்மா. நான் கூடவே நின்னேனே. பயப்படாதே. ஏத்தி விட்டுட்டு வரேன். அழாதே, அழாதே. வெச்சிடறேன். ...இப்போ சந்தோஷமா மாப்ளே? இந்தா, ரெண்டாவது சாசேஜையும் நீயே தின்னு.

— கெல்வின் இப்போ எங்கே மச்சான்?

— கெல்வினா? போன வருஷமே போய்ச் சேந்துட்டானேடா.

— ஆமா. ஆமா. அந்த பஸ்ஸுல இருந்த மத்தவங்க?

— டோரியனுக்கு அவங்கம்மாதான் ஊட்டி விடறாங்க. நான் போனா என்னை யாருன்னு கேப்பான், ஆனா கைய விட மாட்டான். ப்ராஸ்பர் ஹூஸ்டன்ல கார் விக்கிறான், நல்லா இருக்கான். நான் ஒருத்தன், கண்ணாடியைப் பாத்துத்தான் வண்டியைத் திருப்பறேன். மிச்சம் நீ ஒருத்தன்தான் முழுசா இருக்கே. அதனாலதான் அவ அப்படிப் பயந்துட்டா. சரி, ஏர்போர்ட் வந்துடுச்சு. பையை எடுத்துக்கோ. அந்தப் போலீஸ்காரம்மா இங்கே நிக்க விடாது. என்னடா ஒக்காந்தே இருக்கே?

— நீ சொன்னதும் அவ என்ன சொன்னா?

— அழுதா, அப்புறம் சிரிச்சா. ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டுப் பெரிய அண்டாவுல கும்போ குழம்பு வெக்கப் போறாளாம், டிவி முன்னால ஒக்காந்து உன்னைப் பாத்துக்கிட்டே திங்கறதுக்கு. நண்டு வாங்கிட்டு வரச் சொன்னா. எறங்குடா, பின்னால ஹார்ன் அடிக்கிறான்.

— மச்சான்.

— சொல்லு. இல்லை, மொதல்ல நான் ஒன்னு கேக்கறேன், அதுக்குப் பதில் சொல்லிட்டுப் போ. தொழில் ரகசியம். இந்த வருஷம் பரீட்சையில எந்தெந்த வார்த்தையை விட்டே? இன்னும் அதே மூணுல ஒன்னுதானா?

— வண்டியை எடு.

— என்னது?

— வண்டியைத் திருப்பு மச்சான். ஜூலையில எல்லாரும் எனக்கு வயசாயிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க. தலை இன்னும் எவ்வளவு கூர்மையா இருக்குன்னு அவங்களுக்குக் காட்டணும்னு இந்த ஒரு வருஷம் மட்டும் நான் வேணும்னு ஒரு வார்த்தையைக்கூட விடலை. முழுசா வாங்கிட்டேன்னு நினைச்சுத்தான் எழுந்து வந்தேன்.